பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு மண்டபம்

வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த ஒரு கட்டடத்தைத் தவிர.

சாந்தாமணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையை இன்னொரு தடவை பார்த்தாள். நகரமைப்பு ஆய்வாளராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். கார் நிறுத்துமிடம் என்று காட்டிவிட்டுக் கடை கட்டுகிறவன், காற்றோட்டத்துக்கு விட்ட சந்தில் சமையலறை வைக்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஒரு பிளானைப் பிரித்தால் அதில் எந்த மூலை பொய் சொல்கிறது என்று அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பிளானில் வடகிழக்கு மூலை.

"ரேவதி, அங்க என்னம்மா இருக்குது?"

"பம்ப் ஹவுஸ் மேடம். இந்தப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிக்கிற தொட்டி. அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர்."

"அங்க எதுக்கு இத்தனை பெரிய மண்டபம்?"

கட்டடக் கலைஞர் ரேவதி இரண்டு கைகளையும் விரித்தாள். திட்டத்தை வரைந்தது அவள் இல்லை. 'தோது' என்ற மென்பொருள்.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்பு சாரல் நகர். பக்கத்துத் தென்னந்தோப்பு கைக்கு வந்ததும், பொது வசதிகளையும் திறந்தவெளிகளையும் பெருக்கலாம் என்று முடிவாயிற்று. யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். சங்கத் தலைவர் ருக்மாங்கதன் நீச்சல் குளம் என்றார். கிழக்கு வரிசைக்காரர்கள் கோயில் என்றார்கள். மேற்கு வரிசைக்காரர்கள் அந்தக் கோயில் எங்கள் பக்கம் என்றார்கள். வாயைக் கேட்டால் சண்டைதான், உடம்பைக் கேட்போம் என்று தோதுவைக் கொண்டுவந்தார்கள்.

உடம்பைக் கேட்பது சுலபம். சாரல் நகரில் எல்லார் மணிக்கட்டிலும் காப்பு உண்டு. நாடி, மூச்சு, வியர்வை, நடை என்று சகலமும் பார்க்கும். விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும். படபடத்தால் நர்ஸ் வருவாள். இரண்டு பேரும் வருவதற்கு முன்னால் மெல்போர்னிலிருந்து மகன் கூப்பிடுவான்.

"போன வருஷம் பூரா உங்க காப்பு சொன்னதை தோது படிச்சிருக்கு," என்றாள் ரேவதி. "எங்க போனா மனசு லேசாகுதோ அந்த இடத்தைப் பெருசாக்கு, எங்க பாரமாகுதோ அதை மாத்துன்னு மட்டும்தான் நாங்க சொன்னது."

தோது கெட்டிக்காரத்தனமாகத்தான் வரைந்திருந்தது. நடைபாதையை இரண்டு பங்கு அகலமாக்கியிருந்தது, இங்கே எல்லாரும் ஜோடி ஜோடியாக நடக்கிறவர்கள் என்பதால். துணி காயப்போடும் முற்றத்துக்குக் கூரையும் பெஞ்சும் கொடுத்திருந்தது. குடியிருப்பிலேயே அதிகம் சிரிப்பு கேட்கும் இடம் அதுதானாம். சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேஜைகளை உடைத்துச் சின்னதாக்கியிருந்தது. நீச்சல் குளத்தை எங்கே தேடியும் காணோம். ருக்மாங்கதனின் முகத்தில் அது தெரிந்தது.

அப்புறம் இந்த மண்டபம். வளாகத்திலேயே பெரிய கட்டடம். சுவருக்கு வெளியே மண் அணைப்பு, கூரைக்குள்ளே இரும்பு வலை, சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர்.

"சாக்கடைத் தொட்டிக்குப் பக்கத்துல அகழி வெச்ச கோட்டை," என்றார் ருக்மாங்கதன். "எனக்கு ஒரு குளம் வெட்டச் சொன்னா இடமில்லேங்குது."

ரேவதி வேறொரு படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். மனசு லேசான இடம் பச்சை, பாரமான இடம் சிவப்பு. அலுவலக வாசல் சிவப்பு. மருத்துவ அறை ரத்தச் சிவப்பு. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு நிறமும் இல்லை. தோசையில் தீய்ந்த இடம் மாதிரி ஒரு கறுப்பு வட்டம்.

"அங்க சிக்னல் எடுக்காது மேடம். பழைய இரும்புத் தொட்டி மறைக்குது. உள்ளே போனா காப்பு ஊமையாயிடும். ஆனா பாருங்க, சிவப்பா போறாங்க, பச்சையா வெளிய வர்றாங்க. இந்த வளாகத்துல வேற எங்கயும் இந்த அளவுக்கு யாருக்கும் மனசு லேசாகல."

"உள்ளே என்னதான் பண்றாங்க?"

"அது தோதுக்கும் தெரியாது."

ருக்மாங்கதனுக்கு வழி தெரிந்திருந்தது. அந்த மூலையில் ஒரு சின்ன சிக்னல் கோபுரம் வைப்போம், இரண்டு மாதம் பார்ப்போம், என்ன நடக்கிறது என்று தெரிந்தபிறகு மண்டபமா மைதானமா என்று முடிவு செய்வோம் என்றார். போன மழையில் அந்தோணிராஜ் வழுக்கி விழுந்தபோது காப்பு இருந்ததால் பிழைத்தார்; அவர் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

"அது சரி," என்றாள் சாந்தாமணி. "அங்க எதுக்கு இத்தனை பெரிய மண்டபம்?"

ருக்மாங்கதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேவதி முகம் மாறாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்த ஆண்களுக்கு ஒரு பொம்பளை கேள்வியைத் திருப்பிக் கேட்டால் பொறுக்காது என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டாள். உத்தியோகத்தில் அவள் வழியே அதுதான். எதையும் இரண்டு தடவை கேட்பாள். பொய் சொல்கிறவன் இரண்டாவது தடவை வேறு மாதிரி சொல்லுவான்.

கூட்டம் கலைந்ததும் ரேவதியை நிறுத்தி, அந்த மூலைக்கு யார் யார் போகிறார்கள் என்று கேட்டாள். பெயர் காட்டக்கூடாது, தடம் மட்டும் காட்டலாம் என்று ரேவதி சொல்லி, கோடுகளைக் காட்டினாள். எறும்பு வரிசை மாதிரி நாலா பக்கத்திலிருந்தும் வந்தன. அதில் ஒரு கோடு, தவறாமல் தினமும், கிழக்கு வரிசையின் கடைசி வீட்டிலிருந்து கிளம்பியது.

அது சாந்தாமணியின் வீடு.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் அங்கே போனதில்லை. அவள் கணவர் குழந்தைவேலு, தினமும் சாயங்காலம் கேரம் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்.

*

குழந்தைவேலுவைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஒரு பயம் இருந்தது. யாரிடமும் சொல்லாத பயம்.

நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆயிரம் கதிர்களில் எதில் நூல் அறுந்தது என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பார் என்பார்கள். அந்த மனிதர் இப்போது தினமும் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "சாந்தா, இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்கிறார். கிழமை சொன்னால் மாதம் கேட்கிறார். நடக்கப் போகும்போது, "நூறுல ஏழு போனா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆரம்பிக்கிறார். வெண்டைக்காய், குடை, ரயில் என்று மூன்று வார்த்தை சொல்லி, மத்தியானம் சோறு போடும்போது, "காலைல என்னமோ சொன்னனே, என்னது அது?" என்று முழிக்கிறார்.

அது மட்டுமில்லை. அவள் கண்ணாடி ஒருநாள் குளிர்பெட்டியில் கிடந்தது. பால் பாத்திரம் இரண்டு தடவை கருகிப்போயிற்று. "அடுப்பை அணைக்காமப் போயிட்டீங்க பாருங்க," என்று அவள் சொன்னபோது, "ஆமா சாந்தா, மறந்துட்டேன்," என்று தேய்க்க உட்கார்ந்தார். வாதாடக்கூட இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவர் வாதாடாமல் விட்ட விஷயம் உலகத்தில் எதுவுமில்லை.

சாரல் நகரில் மாதாமாதம் எல்லாருக்கும் ஞாபகச் சோதனை உண்டு. மருத்துவ அறையில் ஒரு திரை கேள்வி கேட்கும். என்ன கிழமை, என்ன பருவம், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, கடிகாரம் வரை, ஐந்து நிமிஷம் முன்னால் சொன்ன மூன்று வார்த்தை என்ன. முடிவை நம்மிடம் சொல்லமாட்டார்கள். மனசு கஷ்டப்படுமாம். பிள்ளைகளுக்கும் அலுவலகத்துக்கும் போகும். இரண்டு தடவை தவறினால் 'அரவணைப்பு' என்ற தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி என்றாலும் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. சாயங்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

போன சோதனைக்கு அப்புறம் மெல்போர்னிலிருந்து மகன் கூப்பிட்டான். அவளிடம் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்பாவிடம் கொடு என்றான். குழந்தைவேலு போனை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனவர், வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. தூசி விழுந்துவிட்டது என்றார்.

ஒரு தடவை தவறிவிட்டார் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டினாள். அடுத்த சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தவறினால், நாற்பத்து சொச்சம் வருஷம் பக்கத்தில் குறட்டை விட்ட மனிதர் வேறு கட்டடத்தில் குறட்டை விடுவார். அதனால்தான் அவர் கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆளுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று.

இப்போது அந்தக் கறுப்பு வட்டம் வேறு. அங்கே போய் என்னதான் செய்கிறார்? தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

*

மறுநாள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும், கொஞ்சம் விட்டு அவளும் கிளம்பினாள்.

கேரம் கூடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி, கழிவுநீர்த் தொட்டியின் ஓரமாக, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். சாந்தாமணி பழைய இரும்புத் தொட்டியின் நிழலில் கால் வைத்தபோது, மணிக்கட்டில் காப்பின் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. கல்யாண வீட்டிலிருந்து வந்து நகையைக் கழற்றி வைத்த மாதிரி கை லேசாக இருந்தது.

தொட்டியின் மறுபக்கம் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே கையில் மர ஸ்கேலுடன் பிளாரன்ஸ் டீச்சர். நாகர்கோவிலில் ஆரம்பப் பள்ளி நடத்திவிட்டு இங்கே வந்து, யாரைப் பார்த்தாலும் முதுகை நிமிர்த்தச் சொல்கிற அம்மாள். தொட்டியின் மேல் சுண்ணக்கட்டியால் வட்டம் வட்டமாகக் கடிகாரங்கள். ஒரு ஓரத்தில் யாரோ நிம்மதியாக ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"இது என்ன பருவம் அந்தோணிராஜ்?"

"மாம்பழம் முடிஞ்ச பருவம் டீச்சர்."

"மெஷினு மாம்பழம் தின்னாது மக்கா. தென்மேற்குப் பருவமழைன்னு சொல்லணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் சொன்னார்கள். சாந்தாமணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஞாபகச் சோதனைக்கு டியூஷன். அரவணைப்புக்குப் போகாமல் தப்பிக்க, காப்பின் கண் படாத ஒரே இடத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம். எல்லாருக்கும் தினமும் அந்தப் பயம் நெஞ்சில் ஏறி, இங்கே வந்து இறங்குகிறது. தோது கண்டுபிடித்த பச்சை அதுதான்.

குழந்தைவேலு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மக்குப் பிள்ளை பின்வரிசைதானே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே சொல்லிக்கொடுத்திருப்பேனே என்று தோன்றியது.

டீச்சர் ஸ்கேலால் நாற்காலியைத் தட்டினாள். "முன்வரிசை முடிஞ்சுது, எந்திச்சுப் போலாம். இனி வீட்டுக்காக வந்தவங்க. குழந்தைவேலு சார், உங்க வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கு?"

குழந்தைவேலு எழுந்து நின்றார்.

"கெழம பரவால்லீங்க டீச்சர். மாசந்தான் இடிக்குது. நூறுல ஏழு, தொண்ணூத்திமூணு வரைக்கும் வர்றா, அதுக்கு மேல பேச்சை மாத்தீர்றா. மூணு வார்த்தைல ரயிலு எப்பவும் விட்டுப் போயிருது."

"நீங்க சொல்லிக்குடுக்கீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான்தான் மறக்கறன்னு நெனச்சுட்டு இருக்கறா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க. என்னையத் திட்டறப்ப அவ பழைய மாதிரியே இருக்கறா."

டீச்சர் ஸ்கேலைக் கீழே வைத்தாள். பிறகு, இங்கே வருகிற எல்லாருக்கும் சொல்கிற நிபந்தனையை அவருக்கும் ஞாபகப்படுத்தினாள். கிழமை மறந்தால் சொல்லிக்கொடுப்பேன், மாதம் மறந்தால் சொல்லிக்கொடுப்பேன். வீட்டு ஆளின் முகம் மறந்தால் மாட்டேன். அன்றைக்கு நீங்களே கையைப் பிடித்துக்கொண்டு அரவணைப்புக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

"சரிங்க டீச்சர்," என்றார் குழந்தைவேலு.

சாந்தாமணி தொட்டியில் சாய்ந்து நின்றாள். இரும்பு சூடாக இருந்தது. கண்ணாடி, பால் பாத்திரம், ருக்மாங்கதன் ஜன்னல் பக்கம் திரும்பியது, ரேவதி முகம் மாறாமல் முதலிலிருந்து சொன்னது. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. பொய் சொல்லும் மூலை அவள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் மூக்கு அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அழுகை வந்தது. அழுதாள். எந்த நர்ஸும் ஓடி வரவில்லை. மெல்போர்னிலிருந்து போன் வரவில்லை. வேண்டிய மட்டும் அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தபோது, மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. தோதுவின் படத்தில் இன்னொரு கோடு சிவப்பாகப் போய்ப் பச்சையாகத் திரும்பியிருக்கும்.

வீட்டுக்கு வந்த கணவரிடம், இந்தக் கேஸ் அடுப்பு வேண்டாம், தானாக அணைந்துகொள்கிற மின்சார அடுப்பு வாங்கிவிடலாம் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார்.

"நீங்க மறந்து மறந்து போயிர்றீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் அவளையே பார்த்தார். சரி என்றார்.

*

அடுத்த கூட்டத்தில் ருக்மாங்கதன் கோபுரத்துக்கு விலைகூட விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். சாந்தாமணி பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிடக்கூடாது என்று ஒரு ஜாக்கிரதை.

"கோபுரம் வெச்சா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்னு நெனைக்கறீங்க. தெரியாதுங்க. வெச்ச அன்னைக்கே அங்க யாரும் போகமாட்டாங்க. அப்புறம் உங்களுக்குத் தெரியறது வெறும் பம்ப் ஹவுஸு."

ரேவதி நிமிர்ந்தாள். "அப்போ அந்த இரும்பு வலை, மண் அணைப்பு, தண்ணி..."

"ஆமாம்மா. சிக்னலை மறைக்கறதுக்குத்தான். காப்பு பாக்காத எடத்தை இன்னும் பெருசாக் கட்டச் சொல்லுது. மனசு லேசாகிற எடத்தைப் பெருசாக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அது சொன்னபடி கேட்டிருக்குது."

ரேவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பு சொன்னதை மட்டும் படித்த ஒரு மென்பொருள், காப்பே வேண்டாம் என்கிற இடத்தை வரைந்திருக்கிறது. அதற்கு இரக்கமா, வெறும் கணக்கா? கேட்டால் சொல்லத் தெரியாது.

"உள்ளே ஒருத்தர் விழுந்தா?" என்றார் ருக்மாங்கதன். குரலில் பழைய வேகம் இல்லை.

அதற்கும் அவள் எழுதி வைத்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் நுழைகிற அகலத்தில் இரண்டு வாசல். உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் சுவர் நெடுக ஒரு கயிறு. இழுத்தால் வெளியே மணி அடிக்கும். தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது. இதற்கு மேல் ஒரு ஆபத்து இருந்தால் அதை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், எங்களுக்கும் வயதாயிற்று என்றாள்.

மண்டபம் வேண்டும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பாதிக் கைகள் எழுந்தன. ருக்மாங்கதன் தன் காப்பைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுலோசனா அரவணைப்பில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போவார்.

"சுலோசனா அங்க போறதுக்கு முன்னாடி இதைக் கட்டியிருக்கலாம்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு கையைத் தூக்கினார்.

வெளியே வரும்போது, ரேவதியிடம் போய், நீச்சல் குளத்துக்கு இடமில்லையென்றாலும் அந்த அகழியில் நாலு மீனாவது விடச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

*

காலையில் குழந்தைவேலு காபியைக் கொண்டுவந்து வைத்தார். புது அடுப்பில் அவரே போட்டது. கொஞ்சம் தண்ணீராக இருந்தது. எதிரே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

"சாந்தா, இன்னைக்கு என்ன கெழம?"

எத்தனை நாளாகக் கேட்கிற கேள்வி. இப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் காதில் வாங்கினாள். பரீட்சை அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் முகம் அது.

"இதுகூட ஞாபகம் இல்லீங்களா உங்களுக்கு," என்று வழக்கம்போல் அலுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம."

அவர் பேப்பரை, மேலே தேதி இருக்கும் பக்கம் உள்ளே போகும்படி மெதுவாக மடித்தார்.

"கரெக்ட்," என்றார்.

சாந்தாமணி காபியை ஒரு வாய் குடித்தாள். வெள்ளி இல்லையென்றால் இன்றைக்கு என்ன? கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் கேட்பதற்கில்லை.

"ஏனுங்க, சாயங்காலம் கேரம் ஆட நானும் வர்றனுங்க."

குழந்தைவேலு கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அவள் கண்களைத் தேடினார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தானாகவே அணைந்திருந்தது.

"அங்க ஒரே நாத்தமா இருக்கும் சாந்தா," என்றார் கடைசியில்.

"மூக்கைப் பொத்திக்கறனுங்க," என்றாள் அவள். முன்வரிசையில் இடம் கிடைக்குமா என்பதுதான் அவளுக்கு ஒரே யோசனையாக இருந்தது.